தழும்பே சான்று: பழங்கண்ணாடிக் கோலிகளை இனங்காணும் நெறி

ஆய்வுச் சுருக்கம்

சிறுவர் விளையாட்டுக்கெனச் செய்யப்பட்ட கண்ணாடிக் கோலிகளில் செய்தவர் பெயரோ செய்த ஆண்டோ பொறிக்கப்படுவதில்லை. எனினும் 1840கள் முதல் 1950கள் வரை ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் உருவான கோலிகளைச் சேகரிப்போர், அவற்றின் தோற்றிடத்தையும் காலத்தையும் பெரும்பாலும் துணிந்து கூறுகின்றனர். அத்துணிபு எவற்றைச் சான்றாகக் கொள்கிறது, அச்சான்றுகளுள் எது வலியது, எது மெலியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வண்ணம், வழங்குபெயர், விற்பனைப் பெட்டி ஆகியவற்றைக் காட்டிலும் கோலியின் மேற்பரப்பில் எஞ்சியுள்ள செய்முறைத் தழும்பே முதன்மைச் சான்று என்பதும், மெருகேற்றும் வழக்கம் அச்சான்றையே அழிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கண்ணாடிக் கோலி, துண்டிப்புத் தழும்பு, வெட்டுத்தடம், சேகரிப்பு, பொருள்சார் பண்பாடு.

முன்னுரை

பொருள்சார் பண்பாட்டு ஆய்வில் விளையாட்டுப் பொருள்களுக்குக் கிடைத்துள்ள இடம் சிறிது. கோயிற்படிமம், நாணயம், அணிகலன் போன்றவை காக்கப்படுவதற்கென்றே காக்கப்பட்டவை. கோலியோ மண்ணில் உருண்டு, குழியில் விழுந்து, சட்டைப்பையின் கிழிசல் வழியே தொலைந்து போவதற்கென்றே பிறந்தது. தப்பிப் பிழைத்தவை தாத்தாவின் தகர டப்பாவிலோ வீட்டுக் கொல்லையின் மண்ணிலோ கிடைத்தவையே. எனவே எழுத்துச் சான்று மிகக் குறைந்த ஒரு பொருளினத்தை அதன் உடலைக் கொண்டே அறிந்தாக வேண்டிய நிலை இங்கு உள்ளது.

தமிழ்நாட்டு வாசகருக்கு மிகவும் அறிமுகமான பழங்கண்ணாடிக் கோலி, சோடாப் புட்டியின் கழுத்தில் அடைபட்ட கோலியே. ஐரம் காட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1872ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற அப்புட்டியில், வளியின் அழுத்தம் கோலியை மேலே தள்ளி இரப்பர் வளையத்தோடு இறுக்குகிறது. அக்கோலிக்கு உருண்டையாயிருத்தல் ஒன்றே போதும். அழகு வேண்டியதில்லை, எனவே சுருளும் பட்டையும் அதில் இல்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதனை அன்று. வண்ணம் இழைத்து விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட கோலிகளை.

கையால் செய்த கோலி: தண்டும் கத்தரியும்

ஜெர்மனியின் துரிங்கியா மலைக்காட்டில் உள்ள லௌஷா என்னும் ஊரில் 1597ஆம் ஆண்டு கண்ணாடி உலை அமைக்க உரிமம் வழங்கப்பட்டது. விறகும் மணலும் அருகே கிடைத்த அவ்வூர் கண்ணாடித் தொழிலுக்கென்றே வளர்ந்தது எனலாம். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குமிழ்களாலும் அவ்வூர் பின்னர்ப் புகழ்பெற்றது. 1840களில் அங்கு உருவான ஒரு கருவியே கண்ணாடிக் கோலியைப் பெருந்தொகையில் செய்ய வழிவகுத்தது. கோலிக் கத்தரி எனத்தக்க அக்கருவியின் ஒரு முனையில் சிறு கிண்ணமும் மறுமுனையில் வெட்டும் அலகும் இருந்தன.

செய்முறை பின்வருமாறு அமைந்தது. இரும்புக் கம்பியின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, அதன்மேல் வண்ணக் கண்ணாடி இழைகளைப் படிய வைத்து, மீண்டும் தெளிந்த கண்ணாடியில் தோய்ப்பர். பின்னர் அதனை முறுக்கிக்கொண்டே நீளமாக இழுப்பர். கிடைப்பது முறுக்கேறிய ஒரு தடித்த தண்டு. அத்தண்டின் சூடான முனையைக் கத்தரியின் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் முனை உருண்டையாகும். உருண்டையானதும் அலகு அதனைத் துண்டிக்கும். அடுத்த கோலிக்கு அதே தண்டின் எஞ்சிய பகுதி பயன்படும்.

இச்செய்முறையைக் கருத்திற்கொண்டால் கோலியின் உடலில் என்ன எஞ்சும் என்பது விளங்கும். தண்டின் நடுப்பகுதியிலிருந்து பிறந்த கோலி முன்னும் பின்னும் துண்டிக்கப்பட்டிருக்கும். ஆகவே அதற்கு இரு துண்டிப்புத் தழும்புகள் உண்டு. அவை எதிரெதிர் முனைகளில், நிலவுருண்டையின் இரு துருவங்களைப் போல் அமையும். உள்ளிருக்கும் வண்ண இழைகள் யாவும் அவ்விரு முனைகளை நோக்கியே குவியும். தழும்பு சில கோலிகளில் சொரசொரப்பான முறிவாக இருக்கும். சிலவற்றில் தேய்த்துச் சிறு பட்டையாக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் மீண்டும் சூடேற்றி மழுக்கப்பட்டிருக்கும். தண்டின் கடைசித் துண்டில் பிறந்த கோலியில் வண்ண இழைகள் ஒரு முனையை எட்டாமலே இடையில் நின்றுவிடும். தண்டின் முனைக்கோலி எனத்தக்க இதனை ஒரு காலத்தில் குறையுடையதாகக் கருதிக் கழித்திருக்கவும் கூடும். சேகரிப்பாளர் இன்று இதனைத் தனியே தேடுகின்றனர். தண்டு எங்கே முடிந்தது என்பதைக் கண்ணால் காட்டும் கோலி இது ஒன்றே.

அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளை ஆராய்ந்தோர், அவை நீண்ட குழலாக இழுத்துத் துண்டிக்கப்பட்டவை என்பதை மணியினுள் துளைக்கு இணையாக ஓடும் நுண்கோடுகளையும் குமிழிகளையும் கொண்டே நிறுவினர். காலமும் நிலமும் வேறு. இரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் இழுத்த கண்ணாடி தான் இழுபட்ட திசையை மறைப்பதில்லை என்னும் இயல்பு இரண்டிற்கும் பொது.

ஜெர்மானியக் கோலிகளின் வகைப்பாடு இவ்விழைகளின் அமைப்பை ஒட்டியதாகும். நடுவில் வெண்மை அல்லது மஞ்சள் இழைகள் வலைபோல் பின்னியவை, நடுத்தண்டு முழுமையாக நிறைந்தவை, நாடாப்போல் தட்டையான நடுப்பகுதி உடையவை, வெங்காயத் தோல் போல வண்ணம் மேற்பரப்பின் அடியில் படர்ந்தவை, காக்காய்ப்பொன் துகள் தூவியவை எனப் பல. இவற்றை விரித்துரைப்பது பட்டியலாகவே முடியும் என்பதால் ஒரு வகையை மட்டும் இங்குத் தனியே நோக்கலாம்.

தெளிந்த கண்ணாடியினுள் வெள்ளிபோல் மின்னும் விலங்கோ மனித உருவோ பொதிந்த பெருங்கோலிகள் அவ்வகை. உள்ளிருப்பது வெள்ளியன்று, வெண்ணிறச் சுட்ட களிமண் உருவம். உருவத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே சிறைப்பட்ட மெல்லிய காற்றுப்படலம் ஒளியைத் திருப்புவதால் அது வெள்ளியெனத் தோன்றுகிறது. உருவத்தை முன்னரே சூடேற்றாவிடில் கண்ணாடி விரிசல் காணும். இக்கோலிகள் தண்டிலிருந்து வரிசையாக வெட்டப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டவை. ஆதலின் இவற்றில் ஒரு தழும்பே காணப்படும். தழும்பின் எண்ணிக்கையே செய்முறையை உரைப்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இயந்திரக் கோலி: தழும்பு மறைந்து தடம் தோன்றியது

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1880களிலேயே களிமண் கோலித்தொழில் வேரூன்றியிருந்தது. அந்நகரில் வாழ்ந்த மார்ட்டின் கிறிஸ்டென்சன், உருண்டைப் பொருள்களைச் செய்யும் இயந்திரத்திற்கு 1905ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1917 வரை கண்ணாடிக் கோலி செய்தது.

அது முழு இயந்திரச் செய்முறை அன்று என்பது கருதத்தக்கது. ஒருவர் உலையிலிருந்து கண்ணாடியைக் கம்பியில் சுற்றியெடுத்து இயந்திரத்தின்மேல் தொங்கவிடுவார். வழியும் கண்ணாடியை மற்றவர் கத்தரியால் துண்டிப்பார். விழுந்த துண்டைச் சுழலும் பள்ளங்கள் உருண்டையாக்கும். துண்டு துருவமின்றி எல்லாத் திசையிலும் உருள்வதால் பழைய தழும்பு தேய்ந்து மறைகிறது. ஆனால் கம்பியைச் சுற்றிய கையின் சுழற்சி கோலியின் ஒரு முனையில் ஒன்பது என்னும் அரபு எண் வடிவில் உறைந்து நிற்கும். எதிர்முனையில் வெட்டின் வால் தெரியும். வெண்மையும் வேறொரு வண்ணமும் கலந்த இக்கோலிகளில் அவ்வொன்பதைக் கண்டால் கையால் எடுத்த கண்ணாடி என்று கொள்ளலாம். இயந்திரம் உருட்டிய பொருளில் மனிதக் கையின் அசைவு ஒன்று இவ்வாறு எஞ்சுவது வியப்புக்குரியது.

1911இல் ஆக்ரனில் தோன்றிய ஆக்ரோ அகேட் நிறுவனம் 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு தொடங்கிய முதல் உலகப்போர் ஜெர்மானிய இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்கச் சந்தை உள்நாட்டு நிறுவனங்களுக்குத் திறந்தது. திருகுமரை போன்ற பள்ளம் வெட்டிய இணையுருளைகளின் மேல் கண்ணாடித் துண்டு உருண்டுகொண்டே நகர்ந்து, மறுமுனையை அடையும்போது குளிர்ந்து திரண்ட கோலியாக விழும். கண்ணாடியை எடுப்பதும் துண்டிப்பதும் காலப்போக்கில் இயந்திரத்தின் பணியாயின.

இங்குத் துருவத் தழும்பு இல்லை. அதன் இடத்தில் மெல்லிய மடிப்புக் கோடும் வெட்டுத்தடமும் உள்ளன. ஆக்ரோ அகேட் கோலிகளுள் ஒரு வகையில் வண்ணப்பட்டை தக்கைத்திருகி போலக் கோலியைச் சுற்றித் திருகி ஏறும். அதன் இரு முனைகளும் சந்திப்பதில்லை. துண்டித்த கண்ணாடி உருளைக்குச் செல்லுமுன் சுழலும் கிண்ணம் ஒன்றால் திருகப்பட்டமையே இதற்குக் காரணம். அமெரிக்கப் பழங்கோலிகளுள் இவ்வமைப்பு அந்நிறுவனத்திற்கே உரியதாகச் சேகரிப்பாளர் கொள்கின்றனர். இத்தகைய தெளிவு வேறு நிறுவனங்களின் கோலிகளில் அரிது. இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் இயங்கிய பெல்டியர் நிறுவனம் செய்தவற்றிற்கும் பிற நிறுவனங்களுடையவற்றிற்கும் உள்ள வேறுபாட்டைப் பலமுறை மடிப்புக் கோட்டின் அமைப்பு ஒன்றைக் கொண்டே துணிய வேண்டியுள்ளது. அத்துணிபு எப்போதும் உறுதியானது அன்று.

தெளிந்த கண்ணாடியினுள் வண்ண இதழ்கள் விரிந்து பூனைக்கண் எனப் பெயர்பெற்ற கோலி, 1950களின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து அமெரிக்கச் சந்தைக்குப் பெருமளவில் வந்தது. அமெரிக்க நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. தமிழகத்துத் தெருக்களில் சிறுவர் கையில் மிகுதியாகக் காணப்பட்டதும் இவ்வமைப்புடைய கோலியே. வீட்டில் கிடைத்த ஒரு பிடி கோலியில் பூனைக்கண் ஒன்றேனும் இருப்பின், அத்தொகுதி முழுவதையும் 19ஆம் நூற்றாண்டினது என்று உரைப்பாரின் கூற்றை ஐயத்துடனே நோக்க வேண்டும்.

பெயரும் பெட்டியும்

சேகரிப்பாளர் வழங்கும் பெயர்கள் பல, வரலாற்றைக் கூறுவனபோல் தோன்றி மயக்குவன. கருங்கண்ணாடியின்மேல் வண்ணப்பட்டைகள் ஓடும் ஒருவகைக் கைக்கோலி ‘இந்தியன்’ என்றே வழங்கப்படுகிறது. அது ஜெர்மனியில் செய்யப்பட்டது. இந்தியாவில் செய்யப்பட்டதாகக் கொள்வதற்கு அப்பெயரன்றி ஏதுவில்லை. உப்பு மெருகிட்ட சுட்டமண் கோலி ஒன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துப் பென்னிங்டன் நகரின் பெயரைத் தாங்குகிறது. அந்நகரின் மட்கலங்களின் மெருகை அது ஒத்திருந்தமையே காரணம். கோலி வந்தது ஜெர்மனியிலிருந்து. செப்புத்துகள் பொன்போல் மின்னும் கோலிக்கு லுட்ஸ் என்று பெயர். நிக்கோலஸ் லுட்ஸ் அமெரிக்காவில் பணியாற்றிய கண்ணாடிக் கலைஞர். செப்புத்துகள் கண்ணாடியைத் தம் கலன்களில் பயன்படுத்தியமையால் அறியப்பட்டவர். அவர் இக்கோலிகளைச் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை.

நிறுவனப் பெயர்களும் இம்மயக்கத்திற்கு விலக்கல்ல. ஆக்ரோ அகேட், கிறிஸ்டென்சன் அகேட் ஆகிய இரண்டும் கண்ணாடிக் கோலி செய்தவை; அகேட்டுக்கல்லைத் தொட்டவை அல்ல. ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் பகுதியில் தீட்டப்பட்ட உண்மையான கற்கோலியின் மதிப்பைக் கண்ணாடிக்கு ஏற்றும் பொருட்டே அச்சொல் ஒட்டப்பட்டது எனலாம். மேலும், 1920களின் பிற்பகுதியில் ஓஹையோவின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய கிறிஸ்டென்சன் அகேட் நிறுவனம் வேறு. ஆக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சனின் நிறுவனம் வேறு. பெயர் ஒற்றுமையைக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்குவோர் இன்றும் உளர். பிந்தையது மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழித்தே முந்தையது தோன்றிற்று.

பெட்டி பெயரினும் நம்பத்தக்கதாகத் தோன்றும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயரே. நியூயார்க்கில் இருந்த குரோப்பர் நிறுவனம் பிறர் செய்த கோலிகளை வாங்கித் தன் பெட்டியில் அடைத்து விற்றது. ஒரே பெயருள்ள பெட்டிகளில் வெவ்வேறு உலைகளின் கோலிகள் இருந்துள்ளன. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் தோன்றிய நாட்டின் பெயரைக் குறிக்குமாறு பணித்தது. ஆதலின் ஆங்கிலத்தில் ஜெர்மனி என்று அச்சிட்ட பெட்டி அதற்குப் பிற்பட்டதாதல் கூடும் என்னும் கணிப்பு ஓரளவு பயன்தரும். அக்கணிப்பும் பெட்டியின் காலத்தைக் காட்டுமேயன்றி உள்ளிருக்கும் கோலியின் காலத்தைக் காட்டாது. காலிப் பெட்டியில் பொருத்தமான கோலிகளை இட்டு நிரப்புவது எளிது.

வண்ணத்தின் நம்பகம்

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் முதலில் நம்புவது வண்ணத்தை. இது இயல்பே, கண்ணைக் கவர்வது அதுவே. ஆனால் இயந்திரக் கோலி நிறுவனங்கள் பல, புதுக் கண்ணாடியோடு வேறிடங்களிலிருந்து வாங்கிய உடைகண்ணாடியையும் உருக்கின. முகப்பூச்சு அடைத்த வெண்புட்டியும் மருந்து அடைத்த நீலப்புட்டியும் கோலியாக மறுபிறவி எடுத்தன. ஒரே உடைகண்ணாடியை இரு நிறுவனங்கள் வாங்கியிருப்பின் இரண்டின் கோலியும் ஒரே நீலத்தைக் கொண்டிருக்கும். எனவே வேதியியல் பகுப்பாய்வும் கண்ணாடியின் பிறப்பிடத்தைக் கூறக்கூடுமேயன்றிக் கோலியின் பிறப்பிடத்தைக் கூறாது.

புறஊதா விளக்கொளியில் பச்சையாக ஒளிரும் கோலியில் யுரேனியம் கலந்திருக்கலாம். மாங்கனீசு சேர்த்த கண்ணாடியும் மங்கலான பச்சையில் ஒளிர்வதுண்டு. ஒளிர்வு மூலப்பொருளைக் குறிக்கும் ஒரு குறிப்பு. அதனைப் பழமைக்கான முத்திரையாகக் கொள்ள இயலாது.

இவற்றினும் வலிய சான்று நிலத்தடியில் உள்ளது. தொழிற்சாலைகள் இருந்த இடங்களில் கழிக்கப்பட்ட கோலிகளும் உருண்டையாகாத துண்டுகளும் புதைந்து கிடக்கின்றன. விற்பனைக்குச் சென்ற கோலி எங்கும் பயணம் செய்திருக்கலாம். உருளையில் சிக்கி நசுங்கிய துண்டை விலைகொடுத்து வாங்கி வேறூரில் புதைப்பார் இலர். ஆதலின் நிறுவனத்தின் கழிவுமேட்டில் கிடைத்த குறைக்கோலியே அந்நிறுவனத்தின் நிறைகோலியை இனங்காட்டுகிறது. ஓலைச்சுவடிகளின் மரபுத்தொடர்பைக் காண்போர், இரு சுவடிகளில் ஒரே இடத்தில் வரும் ஒரே பிழையைத் திருத்தமான பாடத்தைக் காட்டிலும் பெரிதும் மதிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. வருத்தத்திற்குரியது யாதெனில், இத்தகைய நிலங்களில் முறையான அகழாய்வைக் காட்டிலும் சேகரிப்பாளர் தாமே தோண்டியெடுத்தவையே மிகுதி. எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்னும் குறிப்பு அவற்றில் பலவற்றிற்கு இல்லை.

பிறைக்கீறலும் மெருகும்

கோலியின் மேற்பரப்பில் இருவகைக் குறிகள் உள. செய்யும்போது நேர்ந்தவை ஒருவகை. துண்டிப்புத் தழும்பு, மடிப்புக் கோடு, ஆறும்போது சீராக வெப்பம் இறங்காமையால் உள்ளே தோன்றிய விரிசல் ஆகியன அவை. விளையாடும்போது நேர்ந்தவை மற்றொருவகை. ஒரு கோலி மற்றொன்றில் மோதும்போது மேற்பரப்பின் அடியில் பிறைநிலவு வடிவில் கீறல் விழுகிறது. மோதல் வலிதாயின் சில்லு பெயர்கிறது.

சந்தை இரண்டாம் வகைக் குறிகளை வெறுக்கிறது. குறையற்றது, ஏறத்தாழக் குறையற்றது, நல்லது எனத் தரம் பிரித்து விலை வைக்கும் முறையில் ஒரு பிறைக்கீறலும் கோலியின் மதிப்பைப் பெரிதும் குறைக்கிறது. இதன் விளைவாக உயர்ந்த விலைபெறுவது விளையாடப்படாத கோலியே. விளையாட்டுப் பொருளின் வரலாற்றைக் காக்கப் புகுந்த ஒரு மரபு, விளையாட்டு நடந்தமைக்கான தடத்தைக் குறையெனக் கொள்வது முரணே.

மெருகேற்றும் வழக்கம் இங்கிருந்தே பிறக்கிறது. அடிபட்ட கோலியின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்து நீக்கி மீண்டும் வழவழப்பாக்கினால் பிறைக்கீறல்கள் மறையும். உள்ளிருக்கும் வண்ணம் தெளிவாகத் தெரியும். அழகு கருதி இதனை ஏற்போரும் உளர். காட்சிக்கு வைக்கும் உருவப் பொதிகோலியின் உள்ளுருவம் தெரியவேண்டுமாயின் வேறு வழியில்லை என்பது அவர் வாதம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் தேய்க்கும் சக்கரம் பிறைக்கீறலையும் தழும்பையும் பிரித்தறியாது. இரண்டும் ஒரே மெல்லிய மேற்படலத்தில் உள்ளன.

இழப்பு எல்லாக் கோலிக்கும் ஒரே அளவினதன்று. கைக்கோலியைத் தேய்த்தால் இரு துருவத் தழும்புகள் அழியும். ஆனால் இழைகள் குவியும் திசை உள்ளே எஞ்சுவதால் துருவம் இருந்த இடத்தை அறியலாம். அத்தழும்பு முறிவா, பட்டையா, மழுக்கலா என்பதை மட்டும் இனி அறிய இயலாது. தக்கைத்திருகிப் பட்டை உடைய கோலியும் தன் சுழற்சியால் தப்பும். ஆனால் மேற்பரப்பில் மட்டும் மெல்லிய வண்ணம் பரவிய இயந்திரக் கோலியில் மடிப்புக் கோடே செய்தவரைக் காட்டும் ஒரே சான்று. அது நீங்கியபின் எஞ்சுவது அழகிய, ஆனால் பிறப்பறியாத ஓர் உருண்டை. கைக்கோலியைப் பார்த்து இன்று செய்யப்படும் புதுக்கோலியையும் தேய்த்த பழங்கோலியையும் பிரித்தறிவதும் அந்நிலையில் கடினமாகிறது.

பதிவு செய்வோர் குறிக்க வேண்டியவை மிகுதியல்ல: விட்டம், தழும்பின் எண்ணிக்கையும் இயல்பும், மடிப்புக் கோட்டின் அமைப்பு, இழை முறுக்கிய திசை, அடிபட்ட இடங்கள், எந்த வீட்டில் அல்லது எந்த நிலத்தில் கிடைத்தது என்னும் செய்தி. விட்டம் எளிதாயினும் புறக்கணிக்கத்தக்கது அன்று. இயந்திரக் கோலிகளில் பெரும்பான்மை ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் அளவினவாக இருக்க, கைக்கோலிகள் பல அளவுகளில், முழுமையான உருண்டை ஆகாமலும் உள்ளன. மெருகேற்றப்பட்டதா என்பதையும் அதே பதிவில் எழுதிவைத்தல் வேண்டும். அச்சொல் விடுபட்ட கோலியை அடுத்து வாங்குபவர், சக்கரம் தந்த வழவழப்பை உலை தந்ததாகவே கொள்வார். தழும்பில்லாமையைக் கண்டு கைக்கோலியை இயந்திரக் கோலியென எழுதிவைக்கவும் கூடும்.